கோழிகள் கட்டிய விமானம்
('சிக்கன் ரன்' திரைப்படத்தின் ஈர்ப்பு குறித்து ஓர் ஆய்வு)

முன்னுரை

'சின்னப் பிள்ளைகள் படம்' என்று சொல்லி நாம் எளிதில் ஒதுக்கிவிடும் படங்கள் பல உள்ளன. விலங்குகள் பேசும், ஓடும், விழும், எழும். பிள்ளைகள் கைகொட்டிச் சிரிப்பார்கள். பெரியவர்கள் பார்ப்பதற்கு அதில் என்ன இருக்கின்றது என்பதே நம்மிடையே நிலவும் பொதுவான எண்ணம். இந்த எண்ணத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டும் படங்களுள் ஒன்று, 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 'சிக்கன் ரன்'.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் இயங்கும் ஆர்ட்மேன் நிறுவனத்தின் முதல் முழுநீளத் திரைப்படம் இது. பீட்டர் லார்ட், நிக் பார்க் ஆகிய இருவரும் இணைந்து இயக்கினர். 84 நிமிடங்கள் ஓடும் இப்படம், உலகெங்கும் 22 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் வசூலித்தது. 'ஸ்டாப்-மோஷன்' முறையில் எடுக்கப்பட்ட படங்களுள் இந்த அளவு வசூலைத் தொட்ட படம் வேறில்லை. 2023-இல் இதன் இரண்டாம் பாகமும் வெளிவந்தது. ஒரு கோழிப் பண்ணைக் கதை இத்தனை காலம் நிலைத்து நிற்பதற்குக் காரணம் என்ன? குறிப்பாக, மலேசியத் தமிழர்களாகிய நமக்கு இப்படம் ஏன் நெருக்கமாகத் தோன்றுகின்றது? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதைச் சுருக்கம்

1950-களில், இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில், டுவீடி தம்பதியர் ஒரு முட்டைப் பண்ணை நடத்துகின்றனர். சுற்றிலும் கம்பி வேலி, காவலுக்கு நாய்கள், வரிசை வரிசையாகக் கொட்டகைகள். ஒவ்வொரு கோழியும் இட்ட முட்டைகளைத் திருமதி டுவீடி கணக்கேட்டில் குறித்து வைக்கின்றாள். முட்டையிடாத கோழிக்குக் கோடரிதான். ஜிஞ்சர் என்னும் கோழி எல்லாரையும் அழைத்துக்கொண்டு தப்பிக்க மீண்டும் மீண்டும் முயன்று, ஒவ்வொரு முறையும் பிடிபடுகின்றது. இந்நிலையில் ராக்கி என்னும் சேவல் வானத்தில் பறந்து வந்து பண்ணைக்குள் விழுகின்றது. தங்களுக்குப் பறக்கக் கற்றுத் தரும்படி கோழிகள் அதனிடம் கேட்கின்றன. இதற்கிடையில், முட்டை விற்பதில் இலாபம் போதவில்லை என்று கருதும் திருமதி டுவீடி, கோழிகளையே அரைத்து அப்பம் செய்யும் இயந்திரம் ஒன்றை வாங்கி வைக்கின்றாள். தீனி கூடுகின்றது, கோழிகள் மகிழ்கின்றன. எதற்காகக் கூடுகின்றது என்பது பின்னரே தெரிய வருகின்றது. இறுதியில் கோழிகள் தங்கள் கொட்டகைகளின் பலகைகளைக் கொண்டே ஒரு விமானம் கட்டித் தப்பிக்கின்றன.

விரல் பட்ட களிமண்

இப்படத்தின் முதல் ஈர்ப்பு, அது எடுக்கப்பட்ட விதத்தில் இருக்கின்றது. ஸ்டாப்-மோஷன் என்பது எளிய தத்துவம், கடினமான உழைப்பு. உலோக மூட்டுகள் கொண்ட எலும்புக்கூட்டின் மேல் பொம்மையை உருவாக்குவார்கள். அதன் கையை ஒரு மயிரிழை நகர்த்தி ஒரு படம் பிடிப்பார்கள். மீண்டும் நகர்த்தி மற்றொரு படம். இவ்வாறு எடுக்கப்பட்ட 24 படங்கள் ஓடி முடிந்தால் ஒரு வினாடி. 84 நிமிடங்களுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 120,000 படங்கள். கோழி ஒருமுறை கண் சிமிட்டுவதற்கும் ஒருவர் குனிந்து, இமையை மாற்றி, விலகி நின்று படம் பிடித்திருக்க வேண்டும். அங்கே தற்செயல் என்பதற்கே இடமில்லை.

1995-இல் 'டாய் ஸ்டோரி' வந்த பிறகு, உலகம் கணினி அசைவூட்டத்தின் பக்கம் வேகமாகத் திரும்பியது. நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் பிறந்து புகழ் பெற்ற 'உப்பின் இப்பின்' தொடரும் கணினியில் உருவானதே. அந்த முறையின் சிறப்பை யாரும் மறுக்க முடியாது. ஆனால், களிமண் பொம்மையில் வேறோர் உண்மை இருக்கின்றது. திரையில் நாம் காணும் பொருள் ஒரு மேசையின் மேல் உண்மையிலேயே நின்றது. அதன் மேல் உண்மையான விளக்கொளி விழுந்தது. ஆர்ட்மேனின் 'வாலஸ் அண்ட் குரோமிட்' படங்களை உற்று நோக்கினால், களிமண்ணில் பதிந்த விரல் தடங்களையும் சில இடங்களில் காணலாம். பாலர் பள்ளியில் பிளாஸ்டிசின் உருட்டி யானையும் பாம்பும் செய்த பிள்ளைக்கு, 'இது நம்மாலும் முடியும்' என்ற எண்ணம் உடனே தோன்றும். இந்த நெருக்கம் வேறு வகை அசைவூட்டங்களில் எளிதில் வாய்ப்பதில்லை.

விலங்குகளும் இந்தக் கலையும் தொடக்கம் முதலே இணைந்து வந்துள்ளன. 1910-ஆம் ஆண்டு வாக்கில், லித்துவேனியாவின் கௌனாஸ் நகரில் விளாடிஸ்லாவ் ஸ்டாரெவிச் என்பவர் வண்டுகளின் சண்டையைப் படமெடுக்க விரும்பினார். உயிருள்ள வண்டுகள் விளக்கு வெளிச்சத்தில் அசைய மறுத்தன. ஆகவே, இறந்த வண்டுகளின் கால்களைக் கம்பியால் இணைத்து, சிறிது சிறிதாக நகர்த்திப் படமெடுத்தார். பின்னாளில் நரியை நாயகனாக வைத்து ஒரு முழுநீளப் பொம்மைப் படத்தையும் அவர் உருவாக்கினார். உயிரற்ற ஒன்றுக்குப் பொறுமையால் உயிர் கொடுப்பதே இக்கலையின் அடிப்படையாகும்.

விலங்கு ஏன் பேச வேண்டும்?

தமிழ்த் திரையுலகிலும் விலங்குப் படங்களுக்குப் பஞ்சமில்லை. சாண்டோ சின்னப்பா தேவர் யானை, பாம்பு, ஆடு எனப் பல விலங்குகளை நடிக்க வைத்தவர். எம்.ஜி.ஆர். நடித்த 'நல்ல நேரம்' (1972) படத்தில் யானைகளைக் கண்டு களிக்காத குடும்பமில்லை. ஆனால், அந்தப் படங்களில் விலங்கு மனிதனுக்குத் துணை. நாயகனின் உயிரைக் காக்கும். குடும்பத்தை ஒன்று சேர்க்கும். கதை மனிதனுடையது. 'சிக்கன் ரன்' படத்திலோ கதை கோழிகளுடையது. மனிதர்கள் இருவரும் வேலிக்கு வெளியே நிற்கும் அதிகாரம் மட்டுமே.

இது நமக்குப் புதியதன்று. 1826-இல் தாண்டவராய முதலியார் தமிழில் தந்த பஞ்சதந்திரக் கதைகளில் காகமும் எலியும் நரியும் அரசியல் பேசுகின்றன. நம் நாட்டுச் சருகுமான் கதைகளில் சாங் கஞ்சில் முதலைகளை ஏமாற்றுகின்றது. அரசரின் விருந்துக்காக உங்களை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, அவற்றை ஆற்றின் குறுக்கே வரிசையாக நிற்கச் செய்து, ஒன்று, இரண்டு என எண்ணியவாறே அவற்றின் முதுகில் குதித்து அக்கரை சேர்கின்றது. மலேசிய அசைவூட்டக் கலையும் இந்தச் சருகுமானிடமிருந்துதான் தொடங்கியது. பிலெம் நெகாராவில் ஆனந்தம் சேவியர் வரைந்து உருவாக்கிய 'ஹிக்காயாட் சாங் கஞ்சில்' 1983-இல் மக்கள் பார்வைக்கு வந்தது. பின்னர் ஹசான் அப்துல் முத்தாலிப் சருகுமானை வைத்து மேலும் குறும்படங்கள் எடுத்தார். அவை பொம்மைப் படங்கள் அல்ல, வரைபடங்களே. எனினும் கருத்து ஒன்றுதான். வலியவனிடம் நேரடியாகச் சொல்ல முடியாததை எளியவன் விலங்கின் வாயால் சொல்கின்றான்.

நிக் பார்க் இந்த உத்தியை நன்கு அறிந்தவர். 1989-இல் அவர் எடுத்த 'கிரியேச்சர் கம்ஃபர்ட்ஸ்' என்னும் குறும்படத்தில், விலங்குக் காட்சிச்சாலையின் விலங்குகள் தங்கள் இருப்பிடத்தைப் பற்றிப் பேசுகின்றன. அந்தக் குரல்கள் நடிகர்களுடையவை அல்ல. சாதாரண மக்களிடம் பேட்டி கண்டு பதிவு செய்தவை. மனிதன் பேசினால் முறையீடாகக் கேட்கும் சொற்கள், களிமண் விலங்கின் வாயில் நகைச்சுவையாகின்றன. நாமும் சிரித்துக்கொண்டே முழுவதையும் கேட்டுவிடுகின்றோம். அப்படம் 1991-இல் ஆஸ்கார் விருது பெற்றது.

முட்டைக் கணக்கும் பெரட்டும்

இனி நம் இரண்டாம் வினாவுக்கு வருவோம். படத்தின் தொடக்கத்தில், கோழிகள் கொட்டகைகளுக்கு முன்னால் வரிசையில் நிற்கும் காட்சி ஒன்று வருகின்றது. திருமதி டுவீடி கணக்கேட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கோழியாகப் பார்த்து வருகின்றாள். எட்வினா என்னும் கோழியின் கணக்கில் சில நாள்களாக முட்டை இல்லை. அதைத் தூக்கிச் செல்கின்றாள். சுவரில் கோடரியின் நிழல் எழுகின்றது. எப்போதும் பின்னல் வேலையில் மூழ்கியிருக்கும் பேப்ஸ் என்னும் கோழி, எட்வினா விடுமுறைக்குப் போகிறாளா என்று கேட்கின்றது.

கிள்ளானில் என் பாட்டியோடு அமர்ந்து இப்படத்தைப் பார்த்தபோது, அந்தக் காட்சியில் பாட்டி, "என்னா கண்ணு இது, நம்ம பெரட்டு மாதிரியே இருக்கு!" என்றார். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. அதுவரை அவருக்கு யாரும் கதையை விளக்கவும் இல்லை.

'பெரட்டு' என்பது அணிவகுப்பைக் குறிக்கும் 'பரேட்' என்ற ஆங்கிலச் சொல்லின் திரிபு என்பர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. விடியும் முன்பே தொழிலாளர்கள் பெரட்டுக் களத்தில் கூட வேண்டும். பெயர் கூப்பிடுவார்கள். நிரை பிரித்துக் கொடுப்பார்கள். பால் வெட்டி முடித்த பின் வாளியைச் சுமந்துகொண்டு நிறுவைக்கு நிற்க வேண்டும். எத்தனை இறாத்தல் என்று கிராணி எழுதுவதே கூலி. லயத்து வீடும் தோட்டத்துக்கே உரியது. வேலை இல்லையென்றால் வீடும் இல்லை. ஒருவருடைய மதிப்பு அவர் அன்று கொண்டு வந்த அளவால் எழுதப்படும் கணக்கேடு எத்தகையது என்பதை நம் முன்னோர் நன்கு அறிவர்.

சாங் கஞ்சில் கதையில், எளியவன் வலியவனை எண்ணித் தப்பிக்கின்றான். 'சிக்கன் ரன்' படத்தில், வலியவன் எளியவனை எண்ணி ஆள்கின்றான். எண்ணுகின்றவன் யார், எண்ணப்படுகின்றவன் யார் என்பதில்தான் அதிகாரம் இருக்கின்றது. பாட்டி மொழியைத் தாண்டிப் புரிந்துகொண்டது இதைத்தான்.

பறக்கத் தெரியாத நாயகன்

இப்படத்தின் சிறந்த திருப்பம் ராக்கியைப் பற்றியது. வானிலிருந்து வந்த அந்தச் சேவலைக் கோழிகள் கடவுளாகவே கொண்டாடுகின்றன. அது சொல்லும் பயிற்சிகளையெல்லாம் செய்கின்றன. உண்மையில் ராக்கிக்குப் பறக்கத் தெரியாது. அது வேடிக்கை நிகழ்ச்சியொன்றில் பீரங்கியிலிருந்து ஏவப்படும் சேவல். அந்த உண்மையைக் காட்டும் சுவரொட்டியின் பாதியை விட்டுவிட்டு, ஓர் இரவில் அது ஓடிவிடுகின்றது.

ஒற்றை நாயகன் வந்து நூறு பேரை அடித்து ஊரைக் காப்பாற்றும் படங்களில் வளர்ந்தவர்கள் நாம். திரைக்கு வெளியேயும் அத்தகைய ஒருவரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. 'சிக்கன் ரன்' அந்த நாயகனைக் கொண்டு வந்து நிறுத்தி, அவனுடைய வெறுங்கையைக் காட்டிவிடுகின்றது. அதன் பிறகே கோழிகள் தங்களிடம் என்ன இருக்கின்றது என்று பார்க்கத் தொடங்குகின்றன. மேக் என்னும் கோழிக்குக் கணக்குத் தெரியும். பேப்ஸுக்குப் பின்னத் தெரியும். பண்டிக்கு உடல் வலு உண்டு. கிழட்டுச் சேவல் பவுலர் விமானப்படையில் இருந்த கதையை ஓயாமல் சொல்லும். ஆனால், அது விமானி அன்று, படைப்பிரிவின் அடையாளச் சின்னமாக இருந்த பறவை. அதுவே இறுதியில் விமானத்தை ஓட்டுகின்றது. ராக்கியும் மனம் மாறித் திரும்பி வருகின்றது. ஆனால், அது வரும்போது விமானம் கட்டப்பட்டுவிட்டது. உதவுகின்றவர்களுள் ஒருவராகவே அதற்கு இடம் கிடைக்கின்றது.

வலையோடு பறந்த புறாக்கள்

தமிழ்ப்பள்ளியில் பயின்றவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பழைய கதை நினைவுக்கு வரும். பஞ்சதந்திரத்தின் 'சுகிர்லாபம்' என்னும் பகுதியில், வேடன் விரித்த வலையில் புறாக்கள் சிக்கிக்கொள்கின்றன. தனித்தனியே துடித்தால் வலை இறுகும். அரசனாகிய சித்திரக்கிரீவன் சொல்ல, எல்லாப் புறாக்களும் ஒரே நேரத்தில் சிறகடித்து வலையோடு பறக்கின்றன. நண்பனான இரணியகன் என்னும் எலி வலையைக் கடிக்க வருகின்றபோது, முதலில் மற்றவர்களின் கட்டை அறுக்குமாறு சித்திரக்கிரீவன் கேட்டுக்கொள்கின்றான்.

'சிக்கன் ரன்' படத்தை இக்கதையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சுவையானது. புறாக்களுக்குச் சிறகு இருந்தது. ஒற்றுமை மட்டும் தேவைப்பட்டது. கோழிகளுக்குப் பறக்கும் சிறகே இல்லை. அதையும் கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. பஞ்சதந்திர எலி நட்புக்காக உதவியது. படத்தில் வரும் நிக், பெட்சர் என்னும் எலிகளோ முட்டையைக் கூலியாகக் கேட்கும் வியாபாரிகள். காலம் மாறிவிட்டதை இந்த எலிகளே காட்டுகின்றன. ஆயினும் சித்திரக்கிரீவனும் ஜிஞ்சரும் ஒன்றே. ஓரிரு கோழிகள் தப்பிப்பது எளிது என்பது ஜிஞ்சருக்குத் தெரியும். எல்லாரும் போக வேண்டும் என்பதால்தான் அது ஒவ்வொரு முறையும் பிடிபட்டு, இருட்டான நிலக்கரித் தொட்டிக்குள் அடைக்கப்படுகின்றது.

மிதிவண்டியும் பத்து வெள்ளியும்

இது வெறும் கற்பனைதானா? நம் வரலாற்றில் இதற்குச் சான்றுகள் உள்ளன. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலை நிறுத்தம் நடந்தது. ஆர்.எச்.நாதன் அதனை முன்னின்று நடத்தினார். ஊதிய உயர்வு, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல் ஆகியவற்றோடு மற்றொரு கோரிக்கையும் அதில் இருந்தது. துரைமார்களின் முன்னால் மிதிவண்டியிலிருந்து இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமை வேண்டும் என்பதே அது. நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். போராட்டம் படைபலத்தால் அடக்கப்பட்டது. 'சிக்கன் ரன்' படத்தில் விமானத்தை இயக்கக் கோழிகள் வரிசையாக அமர்ந்து மிதிக்கும் காட்சியைக் காணும்போது, அந்த மிதிவண்டிக் கோரிக்கை நினைவுக்கு வராமல் போகாது.

சுதந்திரத்திற்குப் பின், வெள்ளையர்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். தோட்டங்கள் துண்டாடப்பட்டன. தொழிலாளர்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழந்தனர். அப்போது துன் வீ.தி.சம்பந்தன் தோட்டந்தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் பேசினார். மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்து 100 வெள்ளிப் பங்கு வாங்கும்படி கேட்டுக்கொண்டார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டம் அது வாங்கிய முதல் தோட்டமாகும். எண்ணப்பட்டவர்கள் ஒன்றுகூடி, தாங்கள் எண்ணப்பட்ட களத்தையே வாங்கினார்கள்! கொட்டகைப் பலகைகளைப் பெயர்த்து விமானம் கட்டிய கோழிகளின் செயலுக்கு இதைவிடப் பொருத்தமான ஒப்புமை எனக்குத் தோன்றவில்லை. பிரிக்பீல்ட்ஸ் சாலையில் 'ஜாலான் துன் சம்பந்தன்' என்ற பெயர்ப் பலகையைக் கடந்து செல்லும் நாம், அந்தப் பத்து வெள்ளியை எத்தனை முறை நினைத்திருப்போம்?

அந்தக் கூட்டுறவு எல்லாரையும் காப்பாற்றிவிடவில்லை என்பதும் உண்மை. பின்னாளில் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. அங்கிருந்து வெளியேறியவர்களுக்குப் படத்தின் முடிவில் வருவது போன்ற பசுமையான சரணாலயம் காத்திருக்கவில்லை.

ஓர் எதிர்வாதம்

இந்த ஒப்பீட்டை இருவகையில் மறுக்கலாம். இயக்குநர்களின் மனத்தில் மலாயாத் தோட்டம் இல்லையே என்பது முதலாவது. உண்மைதான். இரண்டாம் உலகப் போர்க் கைதிகள் தப்பிக்கும் 'தி கிரேட் எஸ்கேப்' (1963) போன்ற படங்களைப் பகடி செய்யும் முறையிலேயே இப்படம் அமைந்துள்ளது. ஆனால், கதையை எழுதியவர் எண்ணியதோடு அதன் பொருள் நின்றுவிடுவதில்லை. வேலி, வரிசை, கணக்கேடு ஆகிய மூன்றும் எங்கெங்கு இருந்தனவோ, அங்குள்ளவர்களெல்லாம் இப்படத்தைத் தங்கள் கதையாகவே காண்பார்கள்.

நம் பாட்டன் பாட்டிகளைக் கோழிகளோடு ஒப்பிடுவது தகுமா என்பது இரண்டாவது. இப்படத்தில் சிறுமைப்படுகின்றவர்கள் கோழிகள் அல்லர். அவை திட்டமிடுகின்றன, பயப்படுகின்றன, ஒருவரையொருவர் கோபித்துக்கொள்கின்றன, மன்னிக்கின்றன. அவற்றை வெறும் முட்டைகளாக மட்டும் பார்க்கும் கண்ணே இப்படத்தில் சிறுமைப்படுகின்றது.

முடிவுரை

'சிக்கன் ரன்' படத்தின் ஈர்ப்பை மூன்றாகச் சுருக்கலாம். ஒன்று, அது கைகளால் செய்யப்பட்டது என்பது கண்ணுக்குத் தெரிகின்றது. இரண்டு, விலங்குகளின் வாயால் பேசுவதால் கசப்பான உண்மையைச் சிரித்துக்கொண்டே கேட்க முடிகின்றது. மூன்று, விடுதலை என்பது வெளியிலிருந்து வரும் நாயகனின் பரிசு அன்று, பலர் சேர்ந்து செய்யும் வேலை என்பதை அது காட்டுகின்றது. முதலாவதும் மூன்றாவதும் உண்மையில் ஒன்றே. பல கைகள் பொறுமையாக ஒவ்வோர் அசைவாகச் சேர்த்து எடுத்த படம், பல சிறகுகள் பொறுமையாக ஒவ்வொரு பலகையாகச் சேர்த்துப் பறந்த கதையைச் சொல்கின்றது.

பல்கலைக்கழகத்திற்குள் நுழைந்திருக்கும் நாம் ஒருவகையில் வேலியைத் தாண்டியவர்கள். நம்மில் பலருடைய படிப்புக்குப் பின்னால் ஒரு பால் வாளியும் ஒரு கூட்டுறவுப் பங்குச் சீட்டும் இருக்கக்கூடும். தனியாகத் தப்பிக்கத் தெரிந்தும் ஜிஞ்சர் ஏன் பண்ணையிலேயே இருந்தது என்பதைப் படம் பார்க்கும் பிள்ளைகள் நிச்சயம் கேட்பார்கள். வரும் விடுமுறையில் நமக்குத் தெரிந்த தமிழ்ப்பள்ளி மாணவர்களோடு அமர்ந்து இப்படத்தைப் பாருங்கள். அந்தக் கேள்வி வரும்போது, பட்டம் பெற்று வேலைக்குச் சென்றுவிட்ட மூத்தவர்களும் உடன் இருந்தால் இன்னும் சிறப்பாக இருக்கும்.